ஸ்டார்லெட் டேர்போவுக்கு எத்தனோல்: ஈ30 வரை போன வேலை

காருக்கு எத்தனோல், அதாவது மதுசாரம், அடிக்கப்போகிறோம் என்று வெளியில் தெரிந்ததிலிருந்து யாழ்ப்பாணத்தில் கொக்குவில் பக்கம் காணுகிற ஆட்கள் எல்லாரிடமும் ஒரே கேள்வி: "திக்கத்துச் சரக்கோ தம்பி?" பகிடிதான், ஆனால் பதில் சொல்லத் தகுந்த கேள்வி. திக்கம் வடிசாலையில் பனங்கள்ளிலிருந்து வடிக்கிற சாராயத்தில் பாதிக்கு மேல் தண்ணீர். அதைத் திரும்பத் திரும்ப வடித்தாலும் நிறைப்படி 95.6 வீதத்தோடு நின்றுவிடும். அந்த அளவுக்கு வந்த பிறகு தண்ணீரும் மதுசாரமும் 78.2 பாகை செல்சியஸில் ஒன்றாகவே கொதித்து ஒன்றாகவே ஆவியாகும், பிரிக்க ஏலாது. மிச்சத் தண்ணீரை எடுக்க மூலக்கூற்றுச் சல்லடை என்று தனி ஏற்பாடு இருக்கிறது. பெற்றோலோடு கலக்கிற எத்தனோல் (நூற்றுக்கு முப்பது பங்கு கலந்தால் ஈ30, எண்பத்தைந்து என்றால் ஈ85) அப்படித் தண்ணீர் எடுத்ததாக இருக்க வேண்டும். ஏன் என்பதைப் போத்தலில் கலக்கிப் பார்த்த இடத்தில் சொல்கிறேன்.

கார் டொயோட்டா ஸ்டார்லெட் ஜிடி டேர்போ, ஈபி82 உடல். 1331 சி.சி. கொள்ளளவுள்ள 4ஈ-எஃப்டிஈ எஞ்சின், சிடி9 டேர்போ, அமுக்க விகிதம் 8.2. கொம்பனி சொன்ன வலு 6400 சுற்றில் 135 பி.எஸ். ஒரு தொன்னுக்கும் குறைந்த உடலுக்கு அது காணும் என்று சொல்லலாம். ஆனால் டேர்போ அமுக்கிச் சூடாக்கிய காற்றைக் குளிரவைக்கிற இன்டர்கூலர் இந்தக் காரில் எஞ்சினுக்கு மேலேயே படுத்திருக்கிறது. பொனற்றில் உள்ள வாயால் காற்று வரும்போது சரி. ஆஸ்பத்திரி வீதியில் பஸ்ஸுக்குப் பின்னால் ஊரும்போது அது எஞ்சின் சூட்டைத்தான் குடிக்கும். சித்திரை வெயிலில் உள்ளே போகிற காற்று 60 பாகையைத் தாண்டி லொக்கில் பதிவாகியிருக்கிறது. சுடுகாற்றும் 95 ஒக்டேன் பெற்றோலும் கூட்டிய பூஸ்ட்டும் (டேர்போ தள்ளுகிற காற்றின் அமுக்கம்) சேர்ந்தால் நொக்கிங், அதாவது சிலிண்டருக்குள் கலவை தானாகவே வெடித்து அடிப்பது, வராமல் என்ன செய்யும்.

மெல்பேர்னில் இருக்கிற மச்சான் தன்னுடைய காருக்கு ஈ85 அடிக்கிறான். அங்கே சில பெற்றோல் செட்டுகளில் நேரே பம்பிலேயே கிடைக்கும். பிரேசிலில் முழு எத்தனோலே பம்பில் உண்டு. பக்கத்தில் இந்தியாவில் ஈ20 வந்துவிட்டது. எங்களுக்கு 92ம் 95ம்தான். 95ம் எல்லாச் செட்டிலும் இல்லை. எத்தனோல் இங்கே மதுவரிச் சட்டத்துக்குள் வருகிற சாமான். 2020 ஜனவரியிலிருந்து இறக்குமதிக்கும் தடை போட்டார்கள். உள்ளூரில் செவனகல, பெல்வத்த சீனி ஆலைகளின் கழிவுப்பாகிலிருந்து வடிக்கிறார்கள். வாங்கவும் வைத்திருக்கவும் கொண்டுபோகவும் அனுமதி எடுக்க வேண்டும். நாங்கள் காரணத்தை எழுதிக் கொடுத்து, குடிக்க முடியாதபடி வேறு பொருள் சேர்த்த தண்ணீரற்ற எத்தனோலைச் சிறு அளவில், பற்றுச்சீட்டோடு கொழும்பில் வாங்கினோம். யாரோ தெரிந்தவர் கான் ஒன்றில் கொண்டுவந்து தருவார் என்று இருந்தால் இந்த வேலையில் இறங்காமல் விடுவது நல்லது. சட்டச் சிக்கல் ஒரு பக்கம், கானுக்குள் உண்மையில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் பூஸ்ட் கூட்டுவது இன்னொரு பக்கம்.

அப்படித் தட்டுப்பாடாகக் கிடைக்கிற சாமானுக்கு ஏற்றபடிதான் முழு வேலையையும் யோசித்தோம். தாங்கியில் சில நேரம் வெறும் 95 இருக்கும், சில நேரம் ஈ30, சில நேரம் இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று. எது இருந்தாலும் எஞ்சின் தானாக அறிந்து ஓட வேண்டும்.

கணக்கு

எத்தனோலில் வலு கூட இருக்கிறது என்று பெடியள் நம்புகிறார்கள். கிலோவுக்குக் கிலோ பார்த்தால் குறைவு: பெற்றோலில் ஏறத்தாழ 43 மெகாயூல், எத்தனோலில் 27க்கும் கீழே. அதேநேரம் ஒரு கிலோ பெற்றோலை முழுதாக எரிக்க 14.7 கிலோ காற்று வேண்டும், எத்தனோலுக்கு 9 கிலோ போதும். எஞ்சினுக்குள் போவது அளவான காற்றுத்தானே. ஆகவே ஒரு கிலோ காற்றுக்கு எவ்வளவு சக்தி என்று பார்க்க வேண்டும்: பெற்றோலில் 2.93 மெகாயூல், எத்தனோலில் 2.98. வித்தியாசம் இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம்.

லாபம் வேறு இடத்தில். எத்தனோல் நொக்கிங்கைத் தாங்கும். 95உடன் முப்பது வீதம் கலந்தாலே ஒக்டேன் 100ஐத் தாண்டிவிடும். ஆவியாகும்போது கிலோவுக்குப் பெற்றோலைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு சூட்டை உறிஞ்சும், அதோடு கூடுதலாகவும் தெளிக்கிறோம். இந்தக் குளிர்ச்சி உள்ளெடு காற்றின் சென்சரில் தெரியாது. சென்சர் முன்னால் இருக்கிறது, எரிபொருள் அதற்குப் பிறகு வால்வு வாசலில்தான் விழுகிறது. லொக்கில் அதே 55 பாகை காட்டும், சிலிண்டருக்குள் நிலைமை வேறு.

ஆக எத்தனோல் இடம் விட்டுத் தரும். அந்த இடத்தை டைமிங்காலும் (பிளக் தீப்பொறி விடுகிற நேரம்) பூஸ்ட்டாலும் நிரப்பினால்தான் வலு. வெறுமனே ஊற்றிவிட்டு ஓடினால் எரிபொருள் செலவு மட்டும் கூடும்.

சிடி9 சின்ன டேர்போ. 1 பாருக்கு மேல் தள்ளினால் சூட்டைத்தான் தள்ளும். அதனால் எஞ்சினில் 165 குதிரைவலு என்று இலக்கு வைத்தோம். டேர்போ எஞ்சினுக்குக் குதிரைவலு ஒன்றுக்கு மணிக்கு 0.6 இறாத்தல் பெற்றோல் என்று வைத்தால் 99 இறாத்தல். எரிபொருளைத் தெளிக்கிற நாலு இன்ஜெக்டருக்குப் பிரித்து, எதுவும் 85 வீதத்துக்கு மேல் திறந்திருக்கக்கூடாது என்று பார்த்தால் ஒன்றுக்கு 29 இறாத்தல், அதாவது நிமிடத்துக்கு 306 சி.சி. ஈ30க்குக் கன அளவில் ஏறத்தாழ 12 வீதம் கூட வேண்டும்: 343. ஈ85 என்றால் 43 வீதம் கூட: 437. நாங்கள் 440 சி.சி. இன்ஜெக்டர் போட்டோம். ஈ30க்குத் தாராளம், என்றாவது ஈ85 கிடைத்தாலும் மயிரிழையில் தப்பும்.

பம்ப் விஷயத்தில் எனக்கு ஒரு பிடிவாதம். கேட்கிற இடமெல்லாம் பெரிய பம்பாகப் போடு என்கிறார்கள். இந்த எஞ்சினுக்கு ஈ30இல் முழு வலுவில் மணிக்கு 70 லீற்றர்தான் போகும். அதைப்போல நாலைந்து மடங்கு தள்ளுகிற பம்பைப் போட்டால் மிச்சமெல்லாம் இன்ஜெக்டர்களுக்குப் பங்கிடுகிற ரெயில் குழாயைச் சுற்றிச் சூடேறித் தாங்கிக்குத் திரும்பும். யாழ்ப்பாணத்து வெயிலில் சூடான எரிபொருள் யாருக்கு வேண்டும். நடுத்தரப் பம்ப் ஒன்று, ஆனால் எத்தனோலுக்கு ஏற்றது என்று செய்தவர்களே எழுதியிருக்கிற பம்ப்.

குழாய் வேலை

முப்பது வருசத்துக்கும் மேல் போன கார். தாங்கியின் அடியில் அரக்குப் படிவு, றப்பர் ஹோஸ் எல்லாம் நைந்த பழைய சாமான். எத்தனோல் ஒரு கரைப்பான். பெற்றோல் இவ்வளவு காலமும் அசைக்காத ஊத்தையை அது கிளப்பிக் கொண்டுவரும், சாதாரண றப்பரை ஊதவைத்து மெலியவைக்கும். தாங்கியை இறக்கிக் கழுவினோம். ஹோஸ் முழுவதையும் ரெஃப்லோன் உள்ளுறை உள்ளதாக மாற்றினோம், ஓ-ரிங் எல்லாம் 'விட்டன்' (Viton) றப்பர். இந்தக் காரில் பம்பை விட ஹோஸுக்கும் பொருத்திகளுக்கும்தான் கூடச் செலவு.

தாங்கிக்குள் இருக்கிற பம்ப் வயரையும் விடவில்லை. பெற்றோல் மின்சாரம் கடத்தாது. எத்தனோல், அதிலும் கொஞ்சம் ஈரம் சேர்ந்தது, கடத்தும். உறை வெடித்த வயர் பெற்றோலுக்குள் ஆண்டாண்டாகப் பேசாமல் கிடக்கும், எத்தனோலுக்குள் அரிக்கத் தொடங்கும். எவ்வளவு கழுவியும் முதல் கலவை ஓடின பிறகு ஃபில்டரை வெட்டிப் பார்த்தபோது மடிப்புகளுக்குள் கபில நிறத் தூள் இறுகிக் கிடந்தது. அதனால் முதல் ஃபில்டரை எறிகிற ஃபில்டராகவே நினைத்து வாங்குங்கள்.

இன்ஜெக்டர் நாலும் ஒரே அளவாகத் தெளிக்கிறதா என்று பொருத்த முன்னம் பார்த்தோம். ரெயிலோடு மேசையில் பிடித்து, கீழே நாலு அளவுப் போத்தல். பெயின்ட் கடையில் விற்கிற மினரல் டேர்பன்டைனை 3 பார் அமுக்கத்தில் விட்டோம். திறந்த வெளியில், பக்கத்தில் தீயணைப்புக் குப்பியோடு. ஒன்று மற்ற மூன்றையும்விடக் கண்ணுக்குத் தெரியக் குறைவாக விட்டது. வாங்கிய இடத்தில் மாற்றித் தந்தார்கள். அந்த ஒரு சிலிண்டர் எரிபொருள் குறைந்து மெலிந்து ஓடியிருந்தால், புகையைப் பார்த்துக் கலவையின் அளவு சொல்லுகிற வைட்பாண்ட் மீற்றர் காட்டியிருக்காது. அது நாலையும் சேர்த்துச் சராசரியைத்தான் காட்டும்.

எஞ்சினை ஆளுவதற்கு ஸ்பீடுயினோ. ஆர்டுயினோ மெகா என்ற சின்னக் கணினிப் பலகையில் ஓடுகிற திறந்த மூல ஈ.சி.யூ., அதாவது எஞ்சின் கணினி. அதில் இருக்கிற அமுக்கச் சென்சர் 250 கிலோபாஸ்கல் வரை அளக்கும், அதாவது 1.5 பார் பூஸ்ட் வரை. எங்களுக்கு வேண்டியதைவிடக் கூட. எத்தனோல் சென்சரைத் திரும்பு குழாயில் பொருத்தினோம். அதன் மொழி எளிது. எத்தனோல் இல்லாவிட்டால் 50 ஹேர்ட்ஸ், முழு எத்தனோலுக்கு 150 ஹேர்ட்ஸ். 80 என்று வந்தால் ஈ30. துடிப்பின் அகலத்தில் எரிபொருளின் சூட்டையும் சொல்லும்.

புகைக்குழாயில் பொஷ் எல்.எஸ்.யூ. 4.9 சென்சர், தண்ணீர் தேங்காதபடி படுகிடைக்கு மேல் சரித்து. மீற்றரை லம்டாவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். காற்று-எரிபொருள் விகிதத்தில் பார்த்தால் ஈ30க்கு ஒரு இலக்கம், ஈ85க்கு இன்னொன்று என்று தலை சுற்றும். லம்டாவில் 1 என்றால் எந்த எரிபொருளிலும் 1தான்: முழுதாக எரிய வேண்டிய அளவான காற்று. 1க்குக் கீழே போனால் எரிபொருள் கூட, மேலே போனால் மெலிவு.

போத்தல் சோதனை

சென்சர் இருந்தாலும் கையால் ஒருக்கா அளந்து பார்க்காமல் நான் நம்பமாட்டேன். நூறு மில்லிலீற்றர் அளவுச் சாடி ஒன்று. 50 மில்லி தண்ணீர், அதில் கேக்குக்குப் போடுகிற சிவப்புச் சாயம் ஒரு துளி. மேலே 50 மில்லி எரிபொருள். மூடிக் குலுக்கி, வாயைத் திறந்து ஆவியை விட்டு, மேசையில் வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். எத்தனோலுக்குப் பெற்றோலைவிடத் தண்ணீரில்தான் விருப்பம், கீழே இறங்கிவிடும். சாயம் பெற்றோலுக்குள் ஏறாது, அதனால் சிவப்புக் கோடு எங்கே நிற்கிறது என்று துல்லியமாகத் தெரியும். செட்டில் அடித்த 95இல் கோடு 50ஐ விட்டு அசையவில்லை. நாங்கள் கலந்த ஈ30இல் 65க்குச் சற்றுக் கீழே நின்றது. பதினைந்து மில்லி இறங்கியிருக்கிறது. தண்ணீரும் மதுசாரமும் சேரும்போது மொத்தக் கன அளவு கொஞ்சம் சுருங்கும், அந்தக் 'கீழே' அதுதான். சென்சரைப் பார்த்தால் 80 ஹேர்ட்ஸ்.

அடுத்தது 95 வீத ஸ்பிரிட். தண்ணீர் எடுக்காத மதுசாரத்தை ஏன் விலக்க வேண்டும் என்று பார்க்கத்தான். பெற்றோலில் பத்து வீதம் கலந்தோம். அறைச் சூட்டில் தெளிவாகத்தான் இருந்தது. ஐஸ் வாளிக்குள் சாடியை வைத்தோம். கொஞ்ச நேரத்தில் புகை படர்ந்து, அடியில் கண்ணாடித் துளிகளாக ஒரு படலம் சேர்ந்தது. தண்ணீரும் மதுசாரமும் சேர்ந்து பெற்றோலை விட்டுப் பிரிந்துவிட்டன. தாங்கிக்குள் அப்படி நடந்தால் பம்ப் உறிஞ்சுவது அந்த அடிப்படலத்தைத்தான். எங்கள் ஊரில் ஐஸ் குளிர் வராது என்று சொல்லலாம். ஆனால் பண்ணைக் கடல் காற்றுக்குப் பக்கத்தில் திறந்த மூடியோடு ஒரு கான் இருந்தால் ஈரம் தானாக ஏறும். கானை இறுக்கி மூடி, நிரம்ப வைத்து, கெதியில் முடித்துவிட வேண்டும்.

ஒரு விஷயம் கட்டாயம். எத்தனோல் நெருப்பு பகல் வெளிச்சத்தில் தெரியாது. கலந்த பெற்றோல் இருந்தால் மஞ்சளாகத் தெரியும், தனி எத்தனோல் சிந்திப் பற்றினால் வெறும் காற்று ஆடுவதுதான் தெரியும். கலக்கிற இடத்தில் வெல்டிங் இல்லை, பீடி இல்லை, கையடக்கத் தொலைபேசியில் படம் எடுக்கிற கூட்டமும் இல்லை.

முதலில் பெற்றோல்

எத்தனோல் கையில் இருந்தாலும் முதலில் 95இலேயே முழுதாக ரியூன் பண்ணி முடிக்க வேண்டும். அடித்தளம் பிழைத்தால் எத்தனோலின் திருத்தம் எல்லாம் பிழையின் மேல் ஏறும்.

ஈ.சி.யூவில் டைமிங்கை 10 பாகையில் (பிஸ்டன் உச்சிக்கு வர கிராங்க் 10 பாகை சுழல இருக்கும்போது தீப்பொறி) பூட்டினோம். டைமிங் லைட்டைக் கிராங்க் கப்பியில் அடித்து, டிஸ்ரிபியூட்டரைத் திருப்பிக் கோட்டுக்குக் கொண்டுவந்தோம். கணினித் திரையில் 10 என்று இருப்பதும் கப்பியில் 10 என்று இருப்பதும் ஒன்றாகும்வரை அடுத்த வேலை இல்லை. சுற்றைக் கூட்டும்போது கோடு நகர்ந்தால் மின்சாரத் தாமதத்தையும் திருத்த வேண்டும்.

இந்த இடத்தில் அண்ணையைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். கராச் அவருடையது, கணினி என்னுடையது. யுத்தத்தில் வடக்குக்குப் பெற்றோல் வராத பொருளாதாரத் தடைக் காலத்தில் ஒஸ்ரின் ஏ40ஐயும் மொறிஸ் மைனரையும் மண்ணெண்ணெயில் ஓட்டின கை. சேலைன் ரியூப்பால் கார்பரேட்டருக்குப் பெற்றோலைச் சொட்டு விட்டு எஞ்சினைக் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மண்ணெண்ணெய்க்கு நொக்கிங்கைத் தாங்கும் சக்தி மிகக் குறைவு. எல்லாரும் டிஸ்ரிபியூட்டரைப் பின்னுக்குத் திருப்பி, ஏற்றத்தில் காதைக் கொடுத்து ஓடினார்கள். இந்த ஊரில் நொக்கிங் சத்தத்தை அந்த வயது மெக்கானிக்மார் அளவுக்குக் கேட்டவர்கள் இல்லை.

"உன்ர கொம்பியூட்டர் சொல்ல முன்னம் நான் சொல்லுவன்" என்றார். சொல்லவும் செய்தார். ஆனால் டேர்போ எஞ்சினின் இரைச்சலுக்குள் வெறும் காதை நம்ப ஏலாது. சின்னச் செம்புக் குழாய் ஒன்றின் முனையைத் தட்டையாக நசித்து, ஓட்டை போட்டு, சிலிண்டர் புளொக்கில் போல்ட்டால் இறுக்கினோம். மற்ற முனையில் நீளமான றப்பர் ரியூப், அது போய்ச் சேர்வது மரஆலையில் பாவிக்கிற காதுமூடிக்குள். 74 மில்லிமீற்றர் துளையுள்ள சிலிண்டரில் நொக்கிங் ஏறத்தாழ 7.7 கிலோஹேர்ட்ஸில் ஒலிக்கும். காதுமூடிக்குள் அது தெளிவான கிண் என்ற சத்தம். வால்வுச் சத்தம் சுற்றோடு சேர்ந்து ஒழுங்காக வரும். இது ஒழுங்கில்லாமல், பாரம் ஏறும்போது மட்டும் வரும். அண்ணை பக்கத்துச் சீற்றில் அதை மாட்டிக்கொண்டு இருந்தார். நான் சுமையில்லாத பகுதிகளை வீதியிலும், முழு வலுப் பகுதிகளை டைனோவிலும் (சில்லை உருளையில் ஓடவிட்டு வலு அளக்கிற மேடை) என்று பிரித்துக்கொண்டேன். செம்மணி வீதி வெறுமையாக இருந்தாலும் அதில் மாடு வரும்.

95இல் 0.75 பாருக்கு, 4500 சுற்றில் 12 பாகையோடு நின்றோம். 13இல் அண்ணையின் கை உயர்ந்தது. முழு பூஸ்ட்டில் லம்டா 0.79. பிளக் ஒரு படி குளிரானது, என்.ஜி.கேயில் எண் கூடக் குளிர் கூடும். இடைவெளி 0.7 மில்லிமீற்றர். ஓட்டத்துக்குப் பிறகு கழற்றிப் பார்த்தால் பீங்கான் சுத்தமாக இருக்க வேண்டும். மிளகுத்தூள் தூவினதுபோல் கறுப்புப் பொட்டோ பளபளப்பான உலோகப் பொட்டோ இருந்தால் சத்தம் கேட்காவிட்டாலும் நொக்கிங் நடந்திருக்கிறது. உலோகப் பொட்டு என்றால் பிஸ்டன் உரிகிறது என்று அர்த்தம்.

டைனோ

கொழும்புக்கு 95இலேயே ஓடிப்போனோம். எத்தனோலை வாங்கியதும் அங்கேதான். 14 லீற்றர் பெற்றோலுக்கு 6 லீற்றர் எத்தனோல், 20 லீற்றர் ஈ30.

அதற்கு முன் தாங்கியில் இருந்த பெற்றோலில் ஓர் ஓட்டம்: 0.75 பார், ரயரில் 121 குதிரைவலு (ரயரில் அளந்தால் எஞ்சினில் உள்ளதைவிடக் குறைவாகத்தான் வரும்). பிறகு ஈ30. ஸ்பீடுயினோவில் எத்தனோலுக்கு மூன்று கோடுகள் வரையலாம்: எரிபொருள் எவ்வளவு பெருக்குவது, டைமிங் எவ்வளவு கூட்டுவது, பூஸ்ட் எவ்வளவு கூட்டுவது. முதல் கோட்டை மட்டும் உயிர்ப்பித்தோம். ஈ30க்கு 112 வீதம். மற்ற எல்லாம் பெற்றோலில் இருந்ததே. லம்டா 0.79இலேயே வந்து நின்றது, பெருக்கல் கணக்கு சரி. வலு 123.

டைனோ வைத்திருந்தவர் என்னைப் பார்த்தார். அவருக்கு நாங்கள் இவ்வளவு தூரம் வந்தது இந்த இரண்டுக்கா என்று இருந்திருக்கும். எனக்கு அந்த 123தான் முழு நாளிலும் பிடித்த இலக்கம். காற்று ஒன்றுதான், சக்தி ஒன்றுதான், வலுவும் ஒன்றுதான்.

பிறகு டைமிங்கை ஒவ்வொரு பாகையாக முன்னுக்குத் தள்ளினோம். அண்ணையின் காதுமூடியில் சத்தமே இல்லை. 4 பாகை கூட்டியபோது 131. ஐந்தாவது பாகைக்கும் அதே 131. நொக்கிங் வராவிட்டாலும் அங்கே நிறுத்த வேண்டும். எத்தனோலில் ஆட்கள் எஞ்சினை உடைப்பது இந்த இடத்தில்தான்: சத்தம் வரவில்லை என்று தள்ளிக்கொண்டே போவார்கள். முறுக்குவிசை கூடாத டைமிங் சிலிண்டர் அமுக்கத்தை மட்டும் கூட்டும், பெயரிங்கும் பிஸ்டனும் அதைத் தின்னும். திரும்ப 4க்கே வந்தோம்.

"மண்ணெண்ணெய்க்கு ஒரு பாகை பின்னுக்குப் போனாலே கார் மாடு இழுக்கிறமாதிரி. இது என்னண்டா எல்லாத்துக்கும் தலையாட்டுது" என்றார் அண்ணை. அவருக்குச் சந்தேகம். நொக்கிங் கேட்காத எஞ்சினை அவர் நம்பவில்லை, ஓட்டத்துக்கு ஓட்டம் பிளக்கைக் கழற்றச் சொன்னார். பீங்கான் நாலும் சுத்தம்.

கடைசியாகப் பூஸ்ட். 0.95 பார், டைமிங்கில் ஒன்றைக் குறைத்து 3, லம்டா 0.80. ரயரில் 147. இன்ஜெக்டர் உச்சத்தில் 66 வீதம் திறந்திருந்தது, காகிதத்தில் போட்ட கணக்கும் அதுதான். 1 பாருக்கு ஒருக்கால் போய்ப் பார்த்தோம்: வலு இரண்டு மூன்றுதான் ஏறியது, உள்ளெடு காற்றின் சூடு சரேலென்று ஏறியது. சிடி9 தன்னுடைய எல்லையைச் சொல்லிவிட்டது. ஈ85 போட்டாலும் இந்த டேர்போவில் இதற்கு மேல் பெரிதாக எடுக்க ஏலாது. ஆகவே இந்த எஞ்சினுக்கு ஈ30 போதும் என்பது என் முடிவு. லீற்றர் லீற்றராக அனுமதியோடு வாங்குகிற ஊரில் எண்பத்தைந்து வீதம் எத்தனோல் எரிக்கிறது பணத்தை எரிக்கிறது.

சென்சர் போனால்?

ஊர் திரும்பின பிறகு பார்த்த வேலை இது, செய்யாமல் விடக்கூடாதது. தாங்கியில் ஈ30 இருக்கும்போது எத்தனோல் சென்சரின் பிளக்கைக் கழற்றினோம். ஈ.சி.யூ. வெறும் பெற்றோல் என்று நினைத்து 12 வீதத்தைக் குறைத்துவிடும். 0.80இல் நிற்க வேண்டிய லம்டா 0.90க்குப் போகும். 0.95 பாரில் அது ஆபத்து. ஆனால் எத்தனோல் பூச்சியம் என்றால் பூஸ்ட்டும் டைமிங்கும் சேர்ந்தே பெற்றோலின் அளவுக்கு இறங்குகிறபடிதான் கோடுகளை வரைந்திருந்தோம். 0.75 பார், பெற்றோல் டைமிங், உள்ளே இருப்பதோ நொக்கிங்கைத் தாங்குகிற ஈ30. மெலிவாக ஓடினாலும் வீட்டுக்கு வந்து சேரும். போதாதற்கு முழு பூஸ்ட்டில் லம்டா 0.85ஐத் தாண்டினால் டாஷ்போர்ட்டில் சிவப்பு விளக்கு.

பூஸ்ட் கோட்டை ஈ20க்குக் கீழே தட்டையாகவே விட்டிருக்கிறோம். பாதித் தாங்கி ஈ30 மேல் பாதித் தாங்கி 95 அடித்தால் ஈ15தான் வரும். அதற்குக் கொஞ்சம் பூஸ்ட் கூட்டலாம்தான். ஆனால் செட்டில் அடித்த உடனே புதுப் பெற்றோலும் பழைய கலவையும் சரியாகக் கலந்து சென்சருக்கு வந்துசேர ஓட்டம் வேண்டும், அந்த நேரத்தில் வாசிப்பு ஆடும். ஆடுகிற இலக்கத்தை நம்பிப் பூஸ்ட் கூட்டுவதில்லை.

காலையில் ஸ்ரார்ட் பண்ணுவதில் தொல்லை இல்லை. குளிர் நாடுகளில் எத்தனோல் ஆவியாக மறுக்கும். இங்கே மார்கழியிலும் முதல் திருப்பிலேயே பிடிக்கிறது. தொடக்கத் தெளிப்பைக் கொஞ்சம் கூட்டினது காணும். எஞ்சின் ஒயிலைப் பழைய இடைவெளியின் பாதியில் மாற்றுகிறோம், கூடத் தெளிக்கிற எரிபொருளில் ஒரு பங்கு ஒயிலுக்குள் இறங்கத்தான் செய்யும். ஒயில் மூடியின் அடியில் பால் நிறம் படிந்திருந்தால் குறுந்தூரமே ஓடுகிறீர்கள் என்று அர்த்தம். ஆனையிறவு வரை ஒருக்கால் ஓடிச் சூடாக்கிவிட்டு வந்தால் போய்விடும். எரிபொருள் செலவு ஈ30இல் பெற்றோலைவிடப் பத்து வீதத்துக்குச் சற்று மேல் கூட, கணக்குக்குக் கிட்டத்தான். காப்புறுதிக்காரருக்கு மாற்றங்களை எழுதிக் கொடுத்தாயிற்று.

இப்போது கிளச் தட்டு வழுக்குகிறது. 0.95 பாரில் நாலாம் கியரில் சுற்று மட்டும் ஏறுகிறது, கார் ஏறவில்லை. டைனோவின் கடைசி ஓட்டத்திலேயே வரைபின் நுனி கொஞ்சம் நெளிந்திருந்தது. ஸ்ரான்லி வீதியில் கனமான தட்டு ஒன்றுக்குச் சொல்லி வைத்திருக்கிறோம். அது வரும்வரை தாங்கியில் ஈ30 இருந்தாலும் பூஸ்ட் 0.75இல் பூட்டிக் கிடக்கிறது.